கரண்ட் போனா?

ஊருக்குக் கிளம்பும் அவசரத்திலும் மாமியார் பால்கனியை விட்டு நகரவில்லை. செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் விட, மாமனார் வாளிக்குள் ஒரு குட்டி மோட்டாரைப் பொருத்தியிருந்தார்.

"கரண்ட் போனா?"

"பேட்டரி இருக்கு."

"பேட்டரியும் தீர்ந்துட்டா?"

மாமனார் தலையைச் சொறிந்தார். புது மருமகளுக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, மாமா அணு உலையையே டிசைன் பண்ணவர். ஒரு வாளித் தண்ணிக்குப் போய் அவரை இப்படிக் குடையறீங்களே!"

"அப்பவும் இதே கேள்விதாம்மா," என்றார் மாமனார். "லைசென்ஸ் கொடுக்கிற மேடம் என் டிசைனை மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. உலைக்கு மேலயே தொட்டி வச்சு, கரண்டே இல்லாம தண்ணி தானா இறங்கும்னு காட்டின பிறகுதான் கையெழுத்துப் போட்டாங்க."

பேசிக்கொண்டே மோட்டாரைக் கழற்றினார். வாளியை அலமாரி உச்சியில் ஏற்றி, மெல்லிய குழாயைச் செடிகளுக்கு இறக்கினார். பிறகு மனைவி முன்னால் கைகட்டி நின்றார்.

"இப்போ சரியா, மேடம்?"

மருமகள் வாயைப் பிளந்தாள். மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை எடுக்க உள்ளே போனார்.

"விடை தெரிஞ்சும் எதுக்கு மாமா மோட்டார் வச்சீங்க?"

"ரிட்டயர் ஆன பிறகு அந்தக் கேள்வி காதுல விழவே இல்லைம்மா. முதல்லயே சரியா வச்சிருந்தா, இன்னிக்கும் கேட்டிருக்க மாட்டாளே!"