ஆலீஸுக்குக் கருவளையல்

இறந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஆறுமுகத்தாய் கருவளையல் போட்டுக்கொண்டிருந்தாள். கையா இருக்கிறது போட? கல்லறையின் தலைமாட்டில் இருந்த சின்னச் சிலுவையில்தான் மாட்டினாள்.

“ஏட்டி, இது என்ன கூத்து?”

கேட்டவள் ஞானபூரணம். சங்கரன்கோவிலில் இந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கி, பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, கேட்டைப் பூட்டித் திறக்கிறவள்.

“போன வாரம் கல்லுக்குப் பொட்டு வச்ச. சரி போன்னு தொடச்சிட்டு விட்டேன். இன்னைக்கு வளையலா? சபைக்காரங்க பாத்தா என்னையில்லா கேப்பாங்க?”

“இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்க்கா. எம் மவ போன நாளு.”

ஞானபூரணத்துக்குக் கோபம் இறங்கிவிட்டது. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பனவடலிசத்திரத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவள் ஆறுமுகத்தாய். கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே இங்கே வந்து, ‘ஆலீஸ், ஒரு வயது நான்கு மாதம்’ என்று எழுதிய இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் இருப்பாள். மரநிழலுக்கு வருகிறாள் என்றுதான் ஞானபூரணம் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“எம் மவளுக்கும் அதே வயசுதான்க்கா. காய்ச்சல்ல போயிட்டா. ஆறு வருசம் ஆச்சு. எங்கள்ல பால்குடிப் பிள்ளைய எரிக்க மாட்டாங்க, பொதச்சிருவாங்க. பொம்பளைங்க தெருமுக்கோட நின்னுரணும். எங்க வீட்டு ஆளு அவளத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனாவ, வெறுங்கையோட திரும்பி வந்தாவ. எங்கன வச்சாவன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

“கேக்க வேண்டியதுதான?”

“கேக்காத நாளு கெடையாது. ‘பொம்பளைக்கு எதுக்கு அது’ன்னு எந்திச்சுப் போயிருதாவ. நான் என்ன தோண்டிப் பாக்கவா போறேன்? ஒரு கைப் பூவப் போட்டு, ‘இங்கனதான் படுத்திருக்கியாட்டி’ன்னு ஒரு வார்த்த கேக்கணும். அவளத் தேடுதுக்கா. ஆகாசத்தப் பாத்தா தேட முடியும்? ஒரு எடம் வேண்டாமா?”

ஆலீஸின் தாயும் கப்பலேறிப் போகும்போது இப்படித்தான் தவித்திருப்பாள் என்று ஞானபூரணத்துக்குத் தோன்றியது. அவளுக்காவது விட்டுப்போன இடம் தெரியும்.

“காலைல முடிவாச் சொல்லிட்டேன்க்கா. இன்னைக்கு எடத்தக் காட்டலன்னா நான் வீட்டுக்கு வரமாட்டேன், புளியங்குடிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்னு.”

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. துண்டைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். உள்ளே வரவில்லை.

“அவியதான்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் ஆறுமுகத்தாய்.

ஞானபூரணம் விறுவிறுவென்று கேட்டுக்குப் போனாள். இன்றைக்கு இவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

“தம்பி, பெத்தவ கேக்கா. ஒரு எடத்த விரல நீட்டிக் காட்டுனா உங்களுக்கு என்ன கொறஞ்சிரும்? யாரோ வெள்ளைக்காரன் பிள்ளைக்கு வளையல் போட்டுட்டு உக்காந்திருக்காளே, உங்களுக்கு ஈரமே கெடையாதா?”

ஆறுமுகத்தாயின் புருஷன் செல்லச்சாமி எட்டி உள்ளே பார்த்தார். சிலுவையில் கிடந்த வளையலைப் பார்த்தவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“மொதல்ல சொல்லாதது என் வீம்புதான்க்கா” என்றார். “பொம்பளையக் கூட்டிட்டுப் போனா ஊர்ல என்ன பேசுவானோன்னு இருந்துட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு எனக்கே மனசு கேக்கல. கூட்டிட்டுப் போயிக் காட்டிருவோம்னு, மொதல்ல நான் மட்டும் போயிப் பாத்தேன்.”

“என்ன, எடம் மறந்துட்டா?”

“எப்படி மறக்கும்? ஓடைக்கரைக் கருவேல மரத்துக்குத் தெக்க பத்து எட்டு. மரத்தையும் காணும், கரையையும் காணும். ரோட்ட அகலப்படுத்தி, மேல தார் போட்டுட்டாங்க.”

ஞானபூரணம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அதையாவது அவகிட்ட சொல்லிறலாம்லா தம்பி? பாவம், தெரியாமலே எத்தன நாளைக்குத் தவிப்பா?”

“எப்படிக்கா சொல்ல?” செல்லச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவ வார பஸ்ஸே எம் மவ மேல ஏறித்தான் வருது.”