இடதுகைக்காரியின் கம்பளம்

"திருடி பெத்தது வந்திருக்கு, பாருங்கடி" என்றாள் ரோவீனா, தன் ஆடுகளிடம். அதில் ஒன்றுக்குத்தான் மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

நான் பிக்கப் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை.

என் அம்மா நெய்கிற படிக்கட்டு வைர டிசைன் அவளுடைய அம்மாவுடையதாம். எங்கள் குடும்பம், அதாவது அம்மாவுக்கு நெசவு சொல்லிக்கொடுத்த அம்மாவின் சித்தி, திருடிவிட்டதாம். கல்யாணம், கம்பள ஏலம் என்று எங்கே போனாலும் இதே பாட்டு. முறைக்கு அக்கா தங்கைதான்; ஆனாலும் அவளும் அம்மாவும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"பெரியம்மா, சான்டா ஃபேலேர்ந்து மியூசியம்காரி வந்திருக்கா. பழைய கம்பளம் ஒண்ணு கொண்டாந்திருக்கா. உங்கம்மா நெய்ததாம். எங்க வீட்டுல விரிச்சிருக்கு. வந்து பாருங்க."

கத்தரிக்கோல் நின்றது.

"எங்கம்மா கைவேலை ஒண்ணுகூட எங்கிட்ட இல்லடா. எல்லாம் வித்துக் கடைக்குப் போயிடுச்சு." குரல் இறங்கிவிட்டது. "என்ன டிசைன்?"

"நாங்க நெய்றதேதான்."

அவ்வளவுதான். எழுந்து நின்றுவிட்டாள்.

"பாத்தியா! எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரி கண்டுபிடிச்சுட்டா. உங்கம்மா என்ன சொன்னா? தன்னோட சித்தி நெய்ததுன்னு சத்தியம் பண்ணியிருப்பாளே?"

நான் கை நீட்டி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"மியூசியத்துல வெக்கிற அட்டையில எங்கம்மா பேரு போடுவாங்கல்ல?"

"பேரு இல்ல. 'ரோவீனாவின் தாய்'னு போடுறாங்க. நம்ம ஜனத்துல செத்தவங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு."

"அடேங்கப்பா! உங்கம்மாவுக்கு இல்லாத மரியாதை அந்த வெள்ளைக்காரிக்கு இருக்கு பாரு. எப்படிடா கண்டுபிடிச்சா?"

"மூலைக் குஞ்சத்தை வெச்சு. அங்க முடியற ஓரக் கயிறு இடதுகைக்காரங்க முறுக்கினதாம்."

ரோவீனாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"டேய், எங்கம்மா இடதுகைன்னு இந்த மேட்டைத் தாண்டி எவளுக்குடா தெரியும்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எங்கம்மாவுக்குத் தெரியும். தொட்டதும் சொல்லிட்டா. மியூசியம்காரி, அம்மாவோட சித்தி நெய்ததுன்னுதான் எழுத வந்தா. அம்மாதான் அது தப்புன்னு சொன்னா. தன் சித்தியே உங்கம்மா பக்கத்துல உக்காந்துதான் கத்துக்கிட்டாங்கன்னும் சேத்துச் சொன்னா."

ரோவீனா பாவாடையில் ஒட்டிய மயிரைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எடு வண்டிய."

கிளம்பும்போது அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "மியூசியமே கண்டுபிடிச்சதுன்னு சொல்லு. நான்தான்னு தெரிஞ்சா வீம்புக்கு வர மாட்டா. அவ அம்மா நெய்ததை அவ ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்டா."

அந்த ஒரு பொய்தான் எனக்குக் கொடுத்த வேலை. அதைக்கூடக் கடைசிவரை செய்யவில்லை.