தீராத பாட்டில்

“மறுபடியும் தப்பு!” என்று தாளைக் கசக்கினாள் அவள். கட்டிலில் படுத்திருந்த கணவன் கண்ணைத் திறக்கவில்லை.

நாளை காலை மருந்தக உதவியாளர் தேர்வு. மற்ற பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்தச் சொட்டுக் கணக்கு ஒன்றுதான் காலை வாரியது.

பாட்டிலில் ஐந்நூறு மில்லி. ஒரு மில்லிக்கு இருபது சொட்டு. நிமிடத்துக்கு ஐம்பது சொட்டு விழுந்தால் எவ்வளவு நேரத்தில் தீரும்? புத்தகத்தில் இருந்த கேள்வியே கணவனின் தலைமாட்டில் கம்பியில் தொங்கியது.

காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் பாட்டிலை மாட்டி, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தைத் திருகி வேகத்தைச் சரி செய்தாள். பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் எண்ணினாள் இவள். ஐம்பது சொட்டு, பிசகவில்லை. பன்னிரண்டு இருபதுக்குத் தீரும் என்று போட்டு வைத்தாள்.

இப்போது மணி ஒன்றரை. பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது. போன வாரமும் இதே கதைதான், அதற்கு முந்தைய வாரமும்.

“என்ன சிஸ்டர், இவ்வளவு நேரம் ஆகுது?”

“நான் சரியாத்தான் வச்சேன். பரீட்சைப் பயத்துல நீங்கதான் எங்கேயோ கோட்டை விட்டிருப்பீங்க.” சொல்லிக்கொண்டே நர்ஸ் அடுத்த வார்டுக்கு ஓடினாள்.

இவள் நம்பிவிட்டாள். பாட்டிலைச் சந்தேகப்படலாம் என்று தோன்றவே இல்லை. எது தப்பானாலும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஜென்மம், பாவம். கல்யாணம் முறிந்தபோதும் அப்படித்தான் செய்தாள்.

பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. மருந்து ஏறும்போது கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவனுக்கு வேறு நாதியில்லை என்பதால் வாரம் ஒரு நாள் வருகிறாள். புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசிச் சொட்டு இறங்கியதும் தன் அறைக்குக் கிளம்பிவிடுவாள்.

தேர்வில் பாஸானால் வேறு ஊரில் வேலை காத்திருக்கிறது. இனியாவது தன் காலில் நிற்கலாம் என்ற ஒரே நினைப்பில்தான் இத்தனை நாளை ஓட்டினாள்.

வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு திரும்பினாள். அவன் ஊசி ஏறாத கையைச் சட்டென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

“குளிருதா?”

“லேசா.”

போர்வையைக் கழுத்து வரை இழுத்து மூடிவிட்டாள். பிறகு, “நாளைக்கு நான் போகல” என்றாள்.

“எங்க?”

“பரீட்சைக்கு. ஒரு பாட்டில் எப்போ தீரும்னு சொல்லத் தெரியாதவ மருந்தைத் தொடலாமா? என் கணக்கை நம்பி ஒரு உயிர் போயிட்டா?” குரல் உடைந்தது. “எனக்கு எதுவுமே உருப்படியா வராது. நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க.”

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சொன்னவன்தானே. இவள் தேர்வு எழுதாவிட்டால் இந்த ஊரிலேயே இருப்பாள், அடுத்த வாரமும் வருவாள். அந்த நினைப்பு அவனுக்கு இனித்தது. இனிக்கிறதே என்று நெஞ்சு வலித்தது.

அவள் எழுந்துபோய்ப் புத்தகத்தைக் குப்பைக் கூடையில் போடக் குனிந்தாள்.

“போடாதே” என்றான்.

“உன் கணக்கு சரிதான். பாட்டில் தீர்ந்தா நீ கிளம்பிடுவியேன்னு, நான்தான் சொட்டைக் குறைச்சேன்.”