வாசலில் இரண்டு படி

பலகை இன்னும் பலகையாகவே கிடந்தது.

ஜெசிந்தா காபி டம்ளரை மரம் அறுக்கும் மெஷின் மேல் ணங்கென்று வைத்தாள். அவள் கணவர் அமலதாஸ் அதை எடுத்துத் தரையில் வைத்தார். இரும்பு மேஜையில் ஈரம் படக் கூடாதாம். துருப்பிடிக்குமாம்.

"இது பேரு ஃபென்ஸ். பலகை கோணாம நேரா போறதுக்குப் பக்கத்துல நிக்கற தடுப்பு."

"எப்ப அறுக்கப் போறீங்க?"

"நீளவாக்குல அறுத்தா ரிப். குறுக்க அறுத்தா கிராஸ் கட். ரெண்டுக்கும் பிளேடு வேற. தெரியாம கை வைக்கக் கூடாது ஜெசிந்தா."

கார் ஷெட்டில் அந்த டேபிள் சா மெஷின் வந்து இறங்கியதிலிருந்து இதே கதைதான். காலையில் ஒரு வார்த்தை. சாப்பாட்டில் ஒரு வார்த்தை. பிளேடு போன வழியில் தூளாகிப் போகிற மரத்துக்குக்கூடப் பெயர் உண்டு, கெர்ஃப். ரசக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அதையும் கேட்டாள்.

தூளைத்தான் காணோம்.

ஷெட்டுத் தரை அப்போதுதான் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

சனிக்கிழமை பெனிட்டா வருகிறாள். அவர்களுடைய ஒரே மகள். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து, ஆம்புலன்ஸில், சக்கர நாற்காலியோடு.

வாசலில் இரண்டு படி.

ஸ்கூட்டரில் போனவளை லாரி தட்டிவிடும்வரை அந்தப் படிகளை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பால்காரர்கூட அவற்றைப் பார்த்துவிட்டு ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்கிறார்.

கொத்தனார் சவரிமுத்து சொல்லாமலே வந்து நின்றார். சிமென்ட்டில் ஒரு சரிவு போட்டுவிடலாம் என்றார். நாற்காலியை அப்படியே உருட்டி உள்ளே கொண்டுபோய்விடலாம் என்றார். அமலதாஸ்தான் அவரைத் திருப்பி அனுப்பினார்.

"நானே மரத்துல செய்யறேன்."

இன்சூரன்ஸ் ஆபீஸில் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்தவர். காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டவர்.

அன்றைக்கே அவள் கத்தியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றுவிட்டாள்.

இன்று வியாழக்கிழமை. பல்லைக் கடிக்கவும் தெம்பில்லை.

"கிக்பேக்னு ஒண்ணு இருக்கு. பலகை பிளேடுல மாட்டிக்கிச்சுன்னா அறுக்கறவங்க மேலயே திரும்பிப் பாயும். அதனால நேர் பின்னாடி..."

அவள் பலகையைத் தூக்கி மெஷின் மேல் போட்டாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

பிளேடு அலறியது. வாங்கியதிலிருந்து அந்தச் சத்தத்தை அவள் இப்போதுதான் கேட்கிறாள்.

தள்ளினாள்.

கொஞ்ச தூரம் போனது. பிறகு கோணியது. கருகல் வாடை வந்தது. அவர் ஏதோ கத்தினார். அவள் இன்னும் பலமாகத் தள்ளினாள்.

தோளைப் பிடித்து அவளைப் பக்கவாட்டில் இழுத்தார்.

பலகை அவள் நின்ற இடத்தைத் தாண்டிப் பறந்து ஷட்டரில் மோதி விழுந்தது.

அவர் மெஷினை நிறுத்தினார். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"செத்திருப்ப."

"ஆமா, செத்திருப்பேன். எல்லாம் தெரியுதில்ல உங்களுக்கு? ஒவ்வொண்ணுக்கும் பேரு தெரியுது. அப்புறம் ஏன் ஒரு பலகைகூட அறுக்கல? புள்ளைய வாசல்லயே வெச்சுக்கப் போறீங்களா?"

அவர் ஷட்டரில் விழுந்திருந்த பள்ளத்தை விரலால் தடவினார்.

"சிமென்ட்ல போட்டா அது அங்கயே இருந்துடும்."

விரலை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"மரம்னா, அவ நடக்க ஆரம்பிச்சதும் எடுத்துடலாம்ல."

வேலூரில் டாக்டர் அவர்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு திரும்பாது என்றார். அப்போது இவர் சுவரில் இருந்த போஸ்டரை வாசித்துக்கொண்டிருந்தார். காதில் வாங்கவே இல்லை என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு ஆத்திரம்.

காதில் வாங்கித்தான் இருக்கிறார்.

இத்தனை நாளாக அவரிடம் கேட்க என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுப் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"எடுக்கறப்ப எடுத்துக்கலாங்க," என்றாள். "இப்ப அவ உள்ள வரணும்."

அவர் விழுந்து கிடந்த பலகையை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"போனைக் குடு."

கொத்தனாரைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தாள். அவர் மகளைக் கூப்பிட்டார். வழக்கமாக, சாப்பிட்டியா என்று கேட்பார். பதில் வருவதற்குள் போன் இவள் கைக்கு வந்துவிடும்.

ஸ்பீக்கரில் மணி போய்க்கொண்டிருந்தது.

"சொல்லுங்கப்பா."

"பாப்பா..." என்றார் அவர். "உன் நாற்காலி எவ்வளவு அகலம்?"

அந்தப் பக்கம் வார்டில் யாரோ தட்டுகளை அடுக்குவது கேட்டது.

"ரெண்டேகால் அடி இருக்கும்பா," என்றாள் பெனிட்டா. பிறகு, "கொஞ்சம் தாராளமாவே போடுங்க. கை இடிக்கக் கூடாது. யாரும் தள்ள வேணாம், நானே ஏறி வந்துருவேன்."

அவர் போனைப் பிடித்தபடியே ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா? கேக்குதா?"

அவள் எழுந்துபோய் அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"கேட்டாச்சுடா," என்றாள். "அப்பா பலகையில அளவு குறிச்சுக்கிட்டிருக்காரு."