இரண்டு டப்பா மாட்சா

"கையும் களவுமா பிடிச்சிட்டேன் மேடம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இன்னிக்கே இவளை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

டீக்கடை முதலாளி இரண்டு டப்பாக்களை மேஜையில் டங்கென்று வைத்தார். எதிரே ருசிக்கார அம்மாள். தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வதுதான் அவருக்கு உத்தியோகம்.

"இது நானே மோந்து பார்த்து வாங்கின ஜப்பான் மாட்சா டீத்தூள். இது கடையில இவ கலக்கிக் குடுக்கிற டப்பா. நேத்து என் சரக்கைப் பையில போட்டுட்டு, இதை எடுத்து வைக்கிறா. வெறும் கிரீன் டீ தூளா இருக்கும். கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

டீ போடும் பெண் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, திருதிருவென்று விழித்தபடி நின்றிருந்தாள். 'முழிக்கிற முழியே சரியில்லையே' என்று நினைத்துக்கொண்டார் அம்மாள்.

வெள்ளைக் காகிதத்தில் முதலாளியின் தூளை ஒரு சிட்டிகை வைத்து விரலால் இழுத்தார். அரை விரல் நீளம்கூடப் போகவில்லை, திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. மஞ்சள் பாய்ந்த பச்சை. வெந்நீரில் போட்டுக் கலக்கினால் அடியில் மண்டி.

அடுத்து, அந்தப் பெண்ணின் தூள். இழுக்க இழுக்க மை மாதிரி வந்தது. கண்ணைப் பறிக்கிற பச்சை. மூங்கில் மத்தால் நாலு சுற்று அடித்ததும் நுரை பொங்கி, அப்படியே நின்றது.

ஒரு வாய் குடித்தார். அம்மாளுக்குப் புல்லரித்துவிட்டது. நிழலில் வளர்த்த இலையைக் கல்லில் அரைத்த அசல் மாட்சா. கசப்பு தலைகாட்டிவிட்டுப் போக, நாக்கில் இனிப்பு தங்கியது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒன்று வாய்த்தது இரண்டோ மூன்றோ முறைதான்.

முதலாளியின் சரக்குதான் போலி. சொல்லிவிட வாயெடுத்தார்.

அப்போது அடுப்பில் பால் அடிப்பிடித்தது. தீய்ந்த நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. அந்தப் பெண் அலறியடித்துக்கொண்டு அடுப்பை நோக்கி ஓடினாள்.

அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த முதலாளி திரும்பக்கூட இல்லை. "எங்க ஓடறா பாருங்க. குத்தமுள்ள நெஞ்சு" என்றார்.

அம்மாள் அவரை உற்றுப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்து, 'வேண்டாம்' என்று தலையசைத்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"ரெண்டும் அசல்தான் சார். கொஞ்சம் பழசு, புதுசு, அவ்வளவுதான்" என்றார் அம்மாள்.

முதலாளிக்கு முகமெல்லாம் பல். "அதானே? என் மூக்கு என்னிக்குத் தப்பியிருக்கு? ஏம்மா, பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்கிறதைச் சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?"

வழியனுப்ப வாசல் வரை வந்தவளிடம் அம்மாள் தணிந்த குரலில் கேட்டார். "எத்தனை நாளா?"

"ஆறு மாசமாச்சும்மா. ஒரு காய்ச்சல்ல அவருக்கு மூக்கும் நாக்கும் போயிடுச்சு. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கார். சரக்கு போடறவனுக்குத் தெரிஞ்சுபோய், கண்டதையும் தலையில கட்டறான். நான் அதைக் கொண்டுபோய் அவன்கிட்ட சண்டை போட்டு அசலா மாத்திட்டு வந்துடுவேன்."

"இன்னிக்கு உன் வேலையே போயிருக்குமே. உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எனக்கு இந்தக் கடை இல்லன்னா இன்னொரு கடைம்மா. அவருக்கு அந்த மூக்கை விட்டா வேற என்ன இருக்கு?"