ஹீட்டருக்குள் காற்று

“இன்னும் எம்புட்டு நேரம்ய்யா? உள்ள புள்ள துடிக்கா. நீ காரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்க!”

முத்துப்பேச்சி போட்ட அதட்டலுக்கு அவள் புருஷன் மொக்கையன் நிமிரவே இல்லை. உடும்பஞ்சோலைக்கு அருகே ஏலக்காய் எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில், வராந்தாவுக்கு முதுகைக் காட்டி, மேட்டைப் பார்த்து மூக்கைத் தூக்கி நின்றது பழைய சீமைக் கார். அதன் பானெட்டுக்குள் கிடந்தது அவன் தலை.

“ஹீட்டர் குழாய்ல காத்து அடைச்சிருக்குடி. அது வெளியேறினாத்தான் சுடுதண்ணி ஓடும், வண்டிக்குள்ள சூடு வரும்.”

“வராட்டிப் போகுது! டாக்டரம்மா இங்கனயே இருக்கட்டும்.”

“மெதுவாப் பேசு” என்று வராந்தாவைக் கண்ணால் காட்டினான். அங்கே ஆபீஸ் பியூன் யாக்கோபு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

காய்ச்சலில் கிடந்த முப்பது பேருக்குச் சம்பளத்தோடு லீவு எழுதிக் கொடுத்தார் என்று டாக்டர் சரஸ்வதியம்மாளை வேலையைவிட்டு நீக்கியிருந்தார் மேனேஜர். பன்னிரண்டு மணிக்குள் டாக்டரம்மா மலை இறங்க வேண்டும். பிரசவம், கிரசவம் என்று சாக்குச் சொல்லித் தங்கினால் மேனேஜர் ஆஸ்பத்திரியையே பூட்டிவிடுவாராம். டாக்டரம்மாவுக்கோ இழுப்பு. ஹீட்டர் இல்லாமல் இந்தப் பனியில் கிளம்பினால் பாதி வழியிலேயே மூச்சு முட்டிவிடும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த ஹீட்டர், இன்று காலையிலிருந்து குளிர்காற்றை ஊதுகிறது.

மொக்கையன் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் குழாயை லேசாகத் தளர்த்தினான். ‘பளக், பளக்’ என்று குமிழி விட்டது. பிறகு தண்ணீர் ஒரே சீராக வந்தது. இறுக்கினான்.

“ஆச்சு. கொஞ்சம் தண்ணி ஊத்துனா முடிஞ்சது” என்று வாளியோடு ஓடைக்குப் போனான்.

முத்துப்பேச்சி உள்ளே ஓடினாள். கட்டிலில் மகள் பூமாரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்தார்.

“தாயி, புள்ள பொறக்குற வரைக்காவது இருங்க.”

“நர்ஸு ஞானஜோதி இருக்கறாளல்லோ? நீ மக கையப் புடிச்சுக்க. நா பெட்டியக் கார்ல வெச்சுப்போட்டு வாறேன்.”

‘என்ன அவசரம் இந்த அம்மாவுக்கு! நெஞ்சா, கல்லா?’ முத்துப்பேச்சி கருவிக்கொண்டே மகள் கையைப் பிடித்தாள்.

திரும்பி வந்த மொக்கையன் தண்ணீரை ஊற்றி ஹீட்டரைப் போட்டான். சில்லென்று காற்று அடித்தது.

“இந்த வண்டி என்ன, யானையா? எம்புட்டு ஊத்துனாலும் குடிக்கே!”

மறுபடி தளர்த்தினான். மறுபடி குமிழி. மறுபடி ஓடை. டாக்டரம்மா இன்னொரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். மறுபடியும் குளிர்காற்று.

“ஏம்ப்பா மொக்கையா, இது ரிப்பேரா, கல்யாணக் காரியமா?” என்று டாக்டரம்மா வராந்தாவிலிருந்து சத்தம் போட்டார். “வெரசாப் பாரு. நா இருட்டறதுக்குள்ள பாலக்காடு போய்ச் சேரோணும்!”

மூன்றாவது தடவையும் அவன் வாளியைத் தூக்கினான். டாக்டரம்மா துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது.

அவர் திரும்பி வந்து படியேறும்போதே உள்ளே ஞானஜோதி அலறினாள்.

“டாக்டர்! காலு முன்னால வருது!”

சால்வை தரையில் விழுந்தது. டாக்டரம்மா உள்ளே பாய்ந்தார்.

யாக்கோபு எழுந்தான். “மணி பன்னெண்டு ஆகப்போகுதே, மேனேஜர் துரை கேட்டா...”

“துரைய வந்து பிரசவம் பாக்கச் சொல்லுல!” என்று சீறினாள் முத்துப்பேச்சி.

“கோவிக்காதக்கா. வண்டி ரிப்பேர்னு கண்ணால பாத்ததைப் போய்ச் சொல்லுதேன்” என்று அவன் இறங்கி நடந்தான்.

கதவு சாத்திக்கொண்டது. முத்துப்பேச்சி அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். வாளித் தண்ணீரோடு வந்த மொக்கையனும் அப்படியே நின்றுவிட்டான். கும்பிடாத சாமி பாக்கியில்லை. எத்தனை நேரமோ, கடைசியில் ஒரு குழந்தை வீறிட்டது.

“பேத்தி! ரெண்டு உசுரும் பத்திரம்!” என்றாள் ஞானஜோதி.

அதற்கப்புறம் மொக்கையன் ஒரே தடவை காற்றை எடுத்தான். ஹீட்டர் அடுப்பாகச் சுட்டது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காரில் ஏறி உட்கார்ந்த டாக்டரம்மாவின் கையை முத்துப்பேச்சி பிடித்துக் கண்ணில் ஒற்றினாள்.

“ஸ்... மெதுவா!” அவர் விரல் நுனிகள் சிவந்து கொப்புளித்திருந்தன.

“என்ன தாயி இது?”

டாக்டரம்மா வராந்தாவை எட்டிப் பார்த்து, யாரும் இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு மொக்கையனிடம் திரும்பினார்.

“நீ தண்ணிக்குப் போனப்பெல்லாம் ரேடியேட்டருக்கு அடியில இருக்கற திருகைத் தொறந்து தொறந்து தண்ணிய வெளிய உட்டனே, கொதிக்கக் கொதிக்கக் கொட்டும்னு நீ முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?”