கடைசி சீட்

"பியூசி மார்க் நல்லாத்தான் இருந்துச்சுப்பா. சிஇடி என்ட்ரன்ஸ்தான் காலை வாரிடுச்சு. மல்லேஸ்வரம் காலேஜ் கிடைக்கல," என்றாள் தாரணி, பெலகாவி காலேஜில் சேரப் போகும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து.

"ரெண்டையும் சேர்த்துத்தானே ரேங்க் போடறாங்க? நீ என்ன பண்ணுவ, விடும்மா," என்றார் அய்யாவு.

மனைவி போனபின் வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான்.

"தனியா இருந்துப்பீங்களாப்பா?"

"எனக்கென்ன, வேலை இருக்கே."

பஸ் கிளம்பியதும் அவர் மல்லேஸ்வரம் காலேஜுக்குப் போய், அட்டெண்டரின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார். நேற்று தன் கையாலேயே போர்டில் ஒட்டிய அட்மிஷன் பட்டியலை மறுபடி பார்த்தார். கடைசி சீட் ஒன்பதாயிரமாவது ரேங்க்குக்குப் போயிருந்தது. தாரணியின் ரேங்க் ஆறாயிரம்; இந்தக் காலேஜைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

"உன் பொண்ணு இங்கயே சேர்ந்திருக்கலாமே, அய்யாவு?" என்றார் கிளார்க்.

"மார்க் பத்தல சார்," என்றார், எச்சில் டீ டம்ளர்களை ட்ரேயில் அடுக்கியபடி.